யாரையும் காலி பண்ணச் சொன்னதில்லை

வாங்க அம்மிணி, உள்ள வாங்க. செருப்பை அப்படியே அந்த ஓரமா விட்டுருங்க. உக்காருங்க. பேன் போடட்டுங்களா? வேண்டாம், காத்து நல்லாத்தான் வருது.

நேத்து போன்ல பேசுனது நீங்கதானுங்களே? குரலைக் கேட்டப்பவே நெனச்சனுங்க, நல்ல எடத்துப் புள்ளன்னு. எந்த ஊருப் பக்கம் உங்களுக்கு? அப்படிங்களா! அங்க எங்களுக்கு ஒறம்பரை கூட இருக்காங்களே. ஊருக்குள்ள எந்தத் தெருவுங்க? சரி, சரி. சும்மாதான் கேட்டேன். சாதி கீதியெல்லாம் நான் கேக்கறதில்லீங்க. ஊரு கேப்பேன், தெருவு கேப்பேன், குலதெய்வம் கேப்பேன். அத்தோட விட்டுருவேன்.

மேல் வீட்டை அப்பறம் பாக்கலாம், அது எங்கயும் ஓடிப்போகாது. அதுக்கு முன்ன ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லுங்க. நீங்க கேட்டைத் தெறக்கறப்ப எதுத்த வீட்டுக்காரி கூப்பிட்டு நிறுத்திக்கிட்டாளே, நான் ஜன்னல்ல பாத்துட்டுத்தான் இருந்தேன். என்ன சொன்னா? ஒண்ணும் சொல்லலையா? அவளா? வெயில் எச்சா இருக்குதுன்னு சொல்றதுக்கா உங்க கையைப் புடிச்சா? சொல்லியிருப்பா, நீங்க மரியாதைக்கு மறைக்கறீங்க. பரவாயில்லீங்க. அவ சொல்லி நீங்க கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிப்போடறேன். என்ற மடியில கனமில்ல.

பதினாறு வருசமா வாடகைக்கு விட்டுட்டு இருக்கறனுங்க. இன்னைக்கு வரைக்கும் ஒரு குடும்பத்தைக் கூட காலி பண்ணுன்னு என்ற வாயால சொன்னதில்லீங்க. இந்த சரவணம்பட்டியில எந்த ஓனர் வேணும்னாலும் நெஞ்சுல கைவெச்சு அப்படிச் சொல்லட்டும் பாக்கலாம்.

டீ வந்துருச்சு பாருங்க. எடுத்துக்கங்க. கற்பகம், அம்மிணிக்கு ரெண்டு பிஸ்கோத்து கொண்டா. ரெண்டு போதும்.

இவதானுங்க. இவளை வெச்சுத்தான் எதுத்த வீட்டுக்காரி தெருவெல்லாம் என்னையப் பழிச்சுட்டுத் திரியறா. பாத்தா வேலைக்காரின்னுதானே நெனப்பீங்க? இல்லீங்க. இவ இந்த வீட்டுக்குக் குடித்தனம் வந்தவ. நீங்க இப்பப் பாக்க வந்திருக்கீங்களே, அதே மாடி வீட்டுக்கு, அட்வான்ஸ் குடுத்து, பட்டுச் சேலை கட்டி, பால் காய்ச்சி வந்தவ. சமையக்கட்டுல அவளுக்குக் கேக்குமேன்னு பாக்கறீங்களா? கேக்கட்டுமே. அவளைப் பத்தி அவளுக்குத் தெரியாததையா சொல்லப் போறேன்?

மூணு வருசம் ஆகப்போகுதுங்க. கோவில்பட்டிப் பக்கம் சொந்த ஊரு. வீட்டுக்காரன் பேரு தனசீலன், பம்ப்பு கம்பெனியில லேத் ஓட்டறவன். ஒரே பொண்ணு, பிரவீணா. பொண்ணு அப்பத்தான் பத்தாவதுக்குப் போறா. பக்கத்துத் தெருவுல கேர்ள்ஸ் ஸ்கூல் இருக்குதல்லங்க, அதுக்காகவே இந்த ஏரியாவுல தேடிட்டு வந்தாங்க. பால் காய்ச்சுன அன்னிக்கு இந்தக் கற்பகம் எனக்கு ஒரு டம்ளர் பாலைக் கையில குடுத்துட்டு, "அக்கா, இவ பன்னெண்டாவது பரீட்சை எழுதுத வரைக்கும் நாங்க எங்கயும் போறதா இல்ல. அது மட்டும் போதும்க்கா, வேற ஒண்ணும் வேண்டாம் எங்களுக்கு"ன்னா. அந்த ஒரு வார்த்தைய நான் மனசுல வெச்சுக்கிட்டனுங்க. அதுக்கப்பறம் நான் பண்ணுனது அத்தனையும் அந்த வார்த்தைக்காகத்தான்.

சம்பளம் இருவத்தி ரெண்டாயிரம். வாடகை பதிமூணு. எச்சுன்னு நெனைக்கறீங்க, முகத்துலயே தெரியுது! கம்ப்யூட்டர் கம்பெனியெல்லாம் வந்தப்பறம் இந்தப் பக்கம் இப்படித்தானுங்க. நான் ஒருத்தி கொறைச்சா ஊரு வாடகை கொறையுமா? சக ஓனருங்க என்னையத்தான் திட்டுவாங்க.

எனக்கு ஒரு பழக்கமுங்க, குடியிருக்கறவியளைக் கவனிச்சுட்டே இருப்பேன். வேவு பாக்கறதில்லீங்க, அக்கறை. மாசம் பாதி வரைக்கும் மேல மிக்சி சத்தம் காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா கேக்கும். தேங்கா அரைக்கற சத்தம் வேற, பருப்பு அரைக்கற சத்தம் வேற, இங்க படுத்துக்கிட்டே சொல்லிப்போடுவேன். இருவது தேதி ஆச்சுன்னா நின்னுபோகும். அரைக்கறதுக்கு என்ன இருக்குது? அப்பறம் சம்பளம் வர்ற வரைக்கும் மேல ஒரே அமைதி. எனக்கும் மத்தியானத் தூக்கம் நல்லா வரும், இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

பாவமா இருந்துச்சுங்க. ஒரு போசி நெறைய இட்லி மாவு குடுத்துவிட்டேன். சும்மா குடுத்தா கூச்சப்படுவாங்களேன்னு அதோட வெலைய வாடகையில சேத்துட்டேன். கடையில விக்கற அதே வெலைதான். ஒரு ரூவா எச்சா வாங்கல.

இதுல ஒரு சிக்கல் என்னன்னா, தனசீலனுக்கு சம்பளம் பத்தாம் தேதி. எனக்கு வாடகை அஞ்சாம் தேதி. மொத மாசமே வந்து நின்னான். நல்ல பையந்தான், தலை நிமுந்து பேச மாட்டான். "அம்மா, வாடகையப் பத்தாம் தேதியா மாத்திக்கிடலாமா"ன்னான். "தம்பி, உனக்கு மாத்துனா எல்லாத்துக்கும் மாத்தோணும்"னுட்டேன். எனக்கு அஞ்சாந்தேதியே வேணும்னு அவசரமில்லீங்க, பேங்க்குல கெடக்கப்போற பணந்தானே. ஆனா ஒரு ஒழுங்கு வேணுமல்லங்க? தள்ளிப்போற ஒவ்வொரு நாளைக்கும் நூறு ரூவா போட்டேன். அதைத் தண்டம்னு சொல்லாதீங்க. அந்த நூறு இருந்தாத்தான் மனுசனுக்குத் தேதி ஞாபகம் இருக்கும். அவனுக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சுங்க, மாசா மாசம் அஞ்சு நாளுக்கும் சேத்துக் குடுத்துருவான். "அந்த ஐநூறு ரூவாதாண்டி அவிய மாசக் கடைசிச் சோறு"ன்னு எதுத்த வீட்டுக்காரி எங்கிட்டயே வந்து சொல்றா. அப்படிப் பாத்தா உலகத்துல யாருகிட்டயும் ஒரு ரூவா வாங்க முடியாதே!

ஒரு வருசம் ஆச்சு. வருசமானா வாடகை ஏத்தறது வழக்கம்தானுங்க. ஏத்துனேன். அதே நேரத்துல அவன் கம்பெனியில ஆர்டர் கொறைஞ்சு ஓவர்டைம் இல்லைன்னுட்டாங்க. புருசனும் பொண்டாட்டியும் இங்கதான், நீங்க உக்காந்திருக்கற எடத்துல நின்னாங்க. உக்காரச் சொன்னேன், உக்காரல. "மூணு மாசம் மட்டும் பழைய வாடகையே வாங்கிக்கிடுங்க"ன்னா இவ. வேற ஓனரா இருந்தா என்ன சொல்லியிருப்பான்? காலி பண்ணுன்னு சொல்லியிருப்பான். நான் சொன்னேனா? சொல்லலையே! பின்னால ஒத்தை ரூம்பு வீடு ஒண்ணு காலியா இருந்துச்சு. எட்டாயிரம். "எதுக்குக் கண்ணு வெளிய போகோணும்? பின்னால வந்துருங்க. புள்ளைக்கு ஸ்கூலு பக்கம்"னேன். இவ கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. என்ற கையைப் புடிச்சுக்கிட்டா.

மாடி வீட்டுக்கு ஒரு லட்சம் அட்வான்ஸ் குடுத்திருந்தாங்க. "சின்ன வீட்டுக்கு அவ்வளவு வேண்டாமேக்கா, பாதியத் திருப்பித் தாங்க, கடனை அடைச்சுப்போடுவோம்"னா. குடுத்தா என்னங்க ஆகும்? செலவாயிரும். எங்கிட்ட இருந்தாத்தான் பத்திரம். மேல் வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்ச செலவை மட்டும் அதுல கழிச்சுக்கிட்டேன். அது எல்லா எடத்துலயும் உள்ளதுதானுங்க, உங்களுக்கும் அப்படித்தான், இப்பவே சொல்லிட்டேன்.

பீரோவும் கட்டிலும் அந்த ஒத்தை ரூம்புக்குள்ள நுழையல. அதை எதுக்கு மழையில போடறதுன்னு நானே எங்க வீட்டுக்குள்ள வாங்கி வெச்சுக்கிட்டேன். அந்தக் கட்டில்லதான் இப்ப எங்க வீட்டுக்காரர் படுத்துக்கறாரு. நல்ல உறுதியான கட்டில். சும்மா பூட்டி வெச்சா கரையான் அரிக்குமல்லங்க?

புது எடத்துக்குப் போறாங்களே, முறைன்னு ஒண்ணு இருக்குதல்ல. "ஒரே காம்பவுண்டுக்குள்ளதானேக்கா"ன்னு இவ இழுத்தா. "அதெல்லாம் கூடாது கண்ணு, பால் காய்ச்சாமப் போனா எடம் சேராது"ன்னு நானே காலண்டர்ல நல்ல நேரம் பாத்துக் குடுத்தேன். மாசக் கடைசி. கையில பாலுக்குக் காசில்ல. நானே ஒரு பாக்கெட் குடுத்தேன். அதையும் சேத்துட்டேன்னு வெச்சுக்கங்க.

பின்வீட்டுலயும் அதே கதைதானுங்க. எட்டாயிரம் போனா மீதிக் காசு பதினஞ்சு தேதிக்கே தீந்துபோகுது. வட்டிக்கு வாங்குனாங்க, கம்பெனியில முன்பணம் வாங்குனாங்க, முன்பணம் போக வர்ற சம்பளம் இன்னும் கொறைஞ்சுபோச்சு. கட்டுசெட்டா இருக்கத் தெரியலீங்க அந்தக் குடும்பத்துக்கு. பொண்ணுக்கு மாசாமாசம் ஒரு புஸ்தகம் வேணும். பழைய கொஸ்டின் பேப்பருன்னு ஒண்ணு வேணும். "படிக்கறதுக்குத்தானேக்கா"ங்கறா இவ. படிக்கறதுக்குன்னா காசு வானத்துலேர்ந்தா விழும்? அடுத்த பங்குனியில, மறுபடியும் வந்து நின்னாங்க. நான் மறுபடியும் காலி பண்ணுன்னு சொல்லலீங்க. மொட்டை மாடியில தண்ணித் தொட்டி பக்கத்துல ஒரு சிமெண்ட் ஷீட்டு ரூம்பு இருக்குது, பழைய சாமானெல்லாம் போட்டு வெச்சிருந்தேன். நாலாயிரத்து ஐநூறுன்னு சொல்லி அதைத் தொறந்து விட்டேன். பிரிட்ஜை மேல ஏத்த முடியல. அது இப்ப உங்க பின்னால நிக்குது பாருங்க, அதுதான். கரண்டு பில்லு நானே கட்டறேன்.

வெயிலைப் பத்திச் சொல்லியிருப்பாளே எதுத்த வீட்டுக்காரி? ஷீட்டு ரூம்புன்னா பங்குனி சித்திரையில சூடாத்தான் இருக்கும். அந்தப் புள்ள பிரவீணா உள்ள உக்காந்து படிக்க முடியலைன்னு தண்ணித் தொட்டி நெழல்ல வந்து உக்காந்துக்குவா. நான் வேண்டாம்னு சொல்லல. "உக்காந்து படி கண்ணு, அப்படியே இந்த வத்தலைக் காக்கா கொத்தாமப் பாத்துக்க"ன்னேன். படிக்கற கண்ணு புஸ்தகத்துல, கையில ஒரு குச்சி. அந்த வருசம் எங்க வீட்டுல ஒரு வத்தல் கூட வீணாகலீங்க. அவ பிளஸ் ஒண்ணுல ஸ்கூல்லயே மொத மார்க்கு. யோசிச்சுப் பாத்தா அதுல எனக்கும் ஒரு பங்கிருக்குதல்லங்க? விவசாயக் காலேஜுல சேரப்போறேன்னு சொல்லிட்டுத் திரிஞ்சா. இவ என்னடான்னா அந்த மார்க்கு சீட்டை எடுத்துட்டு எதுத்த வீட்டுக்குத்தான் மொதல்ல ஓடுனா. எனக்கு மனசு கஷ்டமாப் போச்சு. ஆனா காட்டிக்கல.

அப்பறம் ஆவணியில ரெண்டு பசங்க வந்தாங்க, கம்பெனியில வேலை பாக்கற பசங்க. மொட்டை மாடி ரூம்பு எங்களுக்கு வேணும், எட்டாயிரம் தர்றோம்னாங்க. நான் என்னங்க பண்ணட்டும்? நாலாயிரத்து ஐநூறுக்கு, அதையும் பிச்சுப் பிச்சுக் குடுக்கறவங்களை வெச்சுட்டு, எட்டாயிரத்தை வேண்டாம்னா லட்சுமி கோவிச்சுக்க மாட்டாளா? அப்பவும் காலி பண்ணுன்னு சொல்லல. கீழ மாடிப்படிக்கு அடியில மோட்டார் ரூம்பு. ரெண்டாயிரம் குடுத்தாப் போதும், எல்லா வீட்டுக்கும் நேரா நேரத்துக்கு மோட்டார் போட்டு விடோணும், வாசல் கூட்டோணும். அவ்வளவுதான். யாரு குடுப்பா இந்தக் காலத்துல?

அங்கயும் பால் காய்ச்ச வெச்சேன். படிக்கு அடியில சாய்வாத்தானே வரும், நிமுந்து நிக்க முடியாது. குனிஞ்சுக்கிட்டேதான் பால் காய்ச்சுனா. பொங்கி வழிஞ்சு பாயெல்லாம் ஆயிருச்சு. நல்ல சகுனம்னு நான் கையெடுத்துக் கும்பிட்டேன். இவ பாயைத் தொடைச்சுக்கிட்டே இருந்தா. அந்த ஆளு தனசீலன் வெளிய நின்னுட்டு உள்ளயே வரல.

தனசீலனைப் பத்தியும் சொல்லிப்போடறேன். அந்தத் தள்ளுன நாளுக்கு நூறு ரூவா இருக்குதல்ல, அதைக் குடுக்க முடியலைன்னான். சரி, ஞாயித்துக்கெழமை எங்க காரைக் கழுவிவிடு, கழிச்சுக்கறேன்னேன். கழுவுனான். லேத்துல நூலு புடிச்ச மாதிரி வேலை செய்யறவனல்லங்க, டயருக்குள்ள விரலை விட்டுத் தொடைப்பான். மகளைப் பாத்தா மட்டும் துணியக் கீழ போட்டுட்டு எந்திரிச்சு நின்னுக்குவான். எனக்கு அது எதுக்குன்னே புரியல.

தீபாவளிக்குப் போனஸ் வந்துச்சு. அதை வெச்சுக் கடனை அடைச்சுட்டு அன்னூர்ப் பக்கம் வாடகை கொறைஞ்ச வீடு ஒண்ணு பாத்திருக்கறதா இவ யார்கிட்டயோ சொல்லியிருக்கா. எங்கிட்டச் சொல்லல. எப்படி இருக்கும் எனக்கு? அவன் போனஸ் கவரோட வர்ற நேரம் பாத்துக் கேட்டுலயே நின்னேன். வர்ற லட்சுமிய வாசல்லயே வாங்கிக்கோணும், உள்ள போயிட்டா கண்ணுல பாக்க முடியாது. பழைய பாக்கி, மாவு, பாலு, கரண்டு எல்லாம் சேத்துச் சொன்னேன். தெருவுல நாலு பேரு பட்டாசு வெடிச்சுட்டு நின்னாங்க, சத்தமாப் பேசுனாத்தானே கேக்கும்? கவரை அப்படியே என்ற கையில குடுத்துட்டான். பொண்ணு புதுத் துணி கெடைக்கும்னு வாசல்ல நின்னுட்டு இருந்தா. நான் எங்க வீட்டு அதிரசம் ரெண்டு குடுத்தேன் அவளுக்கு.

அடுத்த நாள் ஊருக்குப் போயிப் பணம் பொரட்டிட்டு வர்றேன்னு பஸ் ஏறுனவன்தான். சம்பளத் தேதி வந்துச்சு, சம்பளமும் வரல, ஆளும் வரல. பொண்டாட்டி புள்ளைய நடுத்தெருவுல விட்டுட்டு ஓடறவனெல்லாம் ஆம்பளையாங்க? நீங்களே சொல்லுங்க. நான் மட்டும் இல்லைன்னா இவிய கதி என்ன?

அதுக்கப்பறம்தான் இவளை எங்க வீட்டு வேலைக்கு வெச்சுக்கிட்டேன். சமையல், பாத்திரம், துணி. வாடகைக்கும் பாக்கிக்கும் கழிச்சுக்கறேன். கையில காசுன்னு குடுக்கறதில்ல. முன்னெல்லாம் மாசக் கடைசின்னா மூஞ்சி செத்துப்போயிருக்கும் இவளுக்கு. இப்பப் பாருங்க, சம்பளத் தேதின்னு ஒண்ணு இருந்தாத்தானே மாசக் கடைசின்னு ஒண்ணு வரும்? அந்தக் கவலையவே இல்லாமப் பண்ணிட்டேன்.

அம்மிணி, இந்தப் பிஸ்கோத்தைச் சாப்பிடுங்க. நமுத்துப்போகும்.

தை மாசம் என்ற பொண்ணு சத்யாவுக்கு பெங்களூருல கொழந்தை பொறந்துச்சு. ஆண் கொழந்தை. மாப்பிள்ளையும் வேலை, சத்யாவும் வேலை, கொழந்தையப் பாத்துக்க ஆள் கெடைக்கல. அங்க ஆயா வெச்சா இருவதாயிரம் கேக்கறாளுங்களாம், கொள்ளையல்லங்க? கற்பகத்தை அனுப்பலாம்னா இங்க எனக்கு யாரு சோறாக்கறது? அதனால பிரவீணாவ அனுப்பச் சொன்னேன். இவ மொத மொதல்ல என்ற கால்ல விழுந்தா. "பரீட்சைக்கு ரெண்டு மாசம்கூட இல்லையேக்கா. இத்தனையும் அதுக்குத்தானேக்கா"ன்னு அழுதா. "அழாத, புஸ்தகத்தை எடுத்துட்டுப் போகட்டும். கொழந்தை தூங்கறப்பப் படிக்கட்டும். பரீட்சைக்கு ரெண்டு நாளைக்கு முன்னால நானே கொண்டாந்து விட்டுடறேன்"னு வாக்குக் குடுத்தேன். பாக்கிய அத்தோட நிறுத்திக்கறேன்னும் சொன்னேன். புள்ள பையை எடுத்துட்டு வந்து கார்ல ஏறிக்கிட்டா.

வாக்கை மீறோணும்னு நான் நெனைக்கலீங்க. மாசி பாதியில கொழந்தைக்குச் சளி புடிச்சுக் காய்ச்சல். சத்யா போன் பண்ணி அழுவறா. அந்த நேரத்துல புள்ளைய அனுப்புன்னு எந்தத் தாய் சொல்லுவா? பரீட்சை வருசா வருசம் வரும். கொழந்தை வருமா?

இவ வந்து பஸ்சுக்குக் காசு கேட்டா. நானே போயிக் கூட்டியாந்துருதேன்க்கா, ஆயிரம் ரூவா குடுங்கன்னா. எங்கிட்ட இல்லாமயா? இருந்துச்சு. ஆனா பொம்பள தனியா, தெரியாத ஊரு, பாஷை தெரியாது, ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? நல்லதுக்குத்தான் இல்லைன்னேன். தெருவுல நாலு வீடு ஏறி எறங்குனாளாம். எதுத்த வீட்டுக்காரி அப்ப ஊர்ல இல்ல, மகன் வீட்டுக்குப் போயிருந்தா. மத்தவங்க எல்லாம் இல்லைன்னுட்டாங்க. மாசக் கடைசி, யாருகிட்டதான் இருக்குது?

பரீட்சை அன்னிக்குக் காலையில இவ வேலைக்கு வரல. பாத்தா கேட்டுல நிக்கறா. தெருவுல யூனிபாரம் போட்ட புள்ளைங்க பரீட்சை அட்டையப் புடிச்சுட்டுப் போகுது, ஒவ்வொண்ணு மூஞ்சியாப் பாத்துட்டு நிக்கறா. ஸ்கூல் மணி அடிச்சு ரொம்ப நேரம் ஆகியும் நகரல. எனக்குக் காப்பி கூட இல்லீங்க அன்னிக்கு. மத்தியானம் ஸ்கூல்லேர்ந்து ஒரு டீச்சரம்மா ஓடி வந்தாங்க, "பிரவீணா எங்க, பிரவீணா எங்க"ன்னு. உண்மையச் சொன்னா அந்தம்மா மனசு கஷ்டப்படுமேன்னு, சொந்த ஊருக்குப் போயிட்டாங்க, கல்யாணம் பேசியிருக்காங்கன்னு சொல்லிவிட்டேன். இவ பின்னால நின்னு கேட்டுட்டுத்தான் இருந்தா.

அப்பறம் ஒரு நாள் எங்கிட்ட வந்து அட்வான்ஸைக் கேட்டா பாருங்க, அப்பத்தான் எனக்குக் கோவம் வந்துருச்சு. எந்த அட்வான்ஸ்? மேல் வீட்டுக்குப் பெயிண்ட், பின்வீட்டுக்குப் பெயிண்ட், ஷீட்டு ரூம்புக்கு வெள்ளை, செவுத்துல அடிச்ச ஆணி, பாக்கி, வட்டி. அது தீந்து எத்தனையோ நாளாச்சு. நானாக்கும் சொல்லாம இருந்தேன், மனசு ஒடைஞ்சுபோவாளேன்னு. கேட்டுட்டு அப்படியே தரையில உக்காந்துக்கிட்டா.

அதுக்குள்ள எதுத்த வீட்டுக்காரி வந்துட்டா. ஜூன்ல மறுபரீட்சை இருக்குது, புள்ளையக் கொண்டா, இல்லைன்னா போலீசுக்குப் போவேன்னு என்ற வாசல்ல நின்னு கத்துனா. நான் பயப்படலீங்க. சரி, புள்ளைகிட்டயே கேட்டுருவோம்னு இவ முன்னாலயே சத்யாவுக்குப் போனைப் போட்டு, ஸ்பீக்கர்ல வெச்சேன். எதுத்த வீட்டுக்காரியும் நின்னு கேக்கட்டும்னு கதவைக் கூடச் சாத்தல.

இவ கேட்டா, "ஏட்டி, வந்துருதியா? ஜூன்ல எழுதிப்போடலாம்"னு. அங்க கொழந்தை அழுவற சத்தம் கேட்டுச்சு. அப்பறம் அந்தப் புள்ள சொன்னா, "எங்கம்மா வரச் சொல்லுத? அந்தப் படிக்கட்டுக்கு அடியிலயா? இங்க மாசக் கடைசியிலயும் மூணு வேளை சோறு போடுதாங்கம்மா."

பாத்தீங்களா? நான் சொல்லிக் குடுக்கலீங்க, சத்தியமா. அதுவா வாயில வந்துச்சு.

இவ போனைப் பாத்துட்டே நின்னா. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், அதுக்குள்ள இவளே சொல்லிட்டா. "சரி தாயி. வராண்டாம். அங்கனயே இரு"ன்னா. அவ்வளவுதான். போய்ப் பாத்திரம் வெளக்க உக்காந்துட்டா. பெத்தவளே சொல்லியாச்சு, புள்ளையும் சொல்லியாச்சு. எதுத்த வீட்டுக்காரி திரும்பிப் போயிட்டா. இதுக்கு மேல என்ன வேணுமாம் அவளுக்கு? சோறு போட்டது குத்தமா?

அட, உங்க டீ அப்படியே ஆறிக் கெடக்குது. நான் ஒருத்தி, பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன். நீங்க நடுவுல ஏதோ கேக்க வாயெடுத்தீங்க, நான் பாத்தேன். கேளுங்க அம்மிணி. எதையும் மனசுல வெச்சுக்கக் கூடாது.

வண்டியா? ரெண்டு ஸ்கூட்டர் நிறுத்த எடம் இருக்குதான்னா?

இதுதான், இதுதான் எனக்கு உங்ககிட்டப் புடிச்சது. நான் என்னென்னவோ பேசிட்டிருக்கேன், நீங்க காரியத்துல கண்ணா இருக்கீங்க. பொழைக்கத் தெரிஞ்ச புள்ள. வெளிய நிறுத்துனா வெயில்ல சீட்டு வெடிச்சுப்போகும், பெட்ரோல் திருடறானுங்க. படிக்கு அடியில அந்த ரூம்பு இருக்குதல்லங்க, கதவைக் கழட்டிவிட்டா ரெண்டு வண்டி தாராளமா நிக்கும். வண்டிக்கு ஐநூறு, ரெண்டுக்கும் சேத்து ஆயிரம் குடுங்க போதும். ஒருத்திக்கு எதுக்கு ஒரு ரூம்பு? இங்க சமையக்கட்டுல ஒரு ஓரமாப் படுத்துக்குவா. இதுக்கும் காலி பண்ணுன்னு நான் சொல்ல மாட்டனுங்க, நீங்களே பாருங்க.

கற்பகம்! ஏ கற்பகம், கையைக் கழுவிட்டு இங்க வா. உன்ற பாயைச் சுருட்டி ஓரமா வெச்சுட்டு அந்த எடத்தைக் கூட்டிவிடு, அம்மிணி அளந்து பாத்துக்கட்டும்.